சித்திரக்கதைக் கடை கைமாறும்போது

2022 பெப்ரவரியில் அமேசன் நிறுவனம் இரண்டு வாசகர் கூட்டங்களை ஒரே மாதத்துக்குள் கலங்கடித்தது. மாதத்தின் முதல் நாளில், சில ஆண்டுகளுக்கு முன் டாட்டா குழுமத்திடமிருந்து தான் வாங்கியிருந்த வெஸ்ட்லண்ட் பதிப்பகத்தை மூடப்போவதாக அறிவித்தது. சென்னையில் வேர்கொண்டு இந்தியா முழுவதும் கிளைவிட்ட பதிப்பகம் அது. இருக்கிற பிரதிகள் தீருமுன் வாங்கிவிட வேண்டுமென்று வாசகர்கள் கடைகளுக்கு ஓடினார்கள். இரண்டு மாதங்களில் அந்தப் பதிப்பகத்தின் ஆசிரியர் குழு பிரதிலிபி நிறுவனத்தோடு சேர்ந்து மறுபடி வேலையைத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில், முன்பே வாங்கி வீட்டில் வைத்திருந்தவர்களின் புத்தகங்களில் ஒரு பக்கங்கூட மாறவில்லை. அதே பெப்ரவரியில் அமேசன், கொமிக்ஸோலொஜி என்ற சித்திரக்கதை மின்கடையின் இணையதளத்தைத் தன்னுடைய பொதுக் கடைக்குள் கரைத்தது. இங்கே எந்தப் பதிப்பகமும் மூடப்படவில்லை. வாங்கியவர்களின் கணக்கிலிருந்த நூலகமும் அப்படியே புதிய இடத்துக்கு மாற்றப்பட்டது. இருந்தும் அதிகம் கொதித்தவர்கள் இந்த இரண்டாவது கூட்டத்தார்தான். மூடப்பட்ட பதிப்பகத்தின் வாசகர் பழைய புத்தகத்தை அமைதியாகப் புரட்டிக்கொண்டிருக்க, மூடப்படாத கடையின் வாடிக்கையாளர் தன் நூலகம் பறிபோனதாகக் கத்தினார். கோப்பு எதுவும் தொலையாத இடத்தில் அவர் எதை இழந்தார்?

கொமிக்ஸோலொஜி 2007 இல் நியூயோர்க்கில் தொடங்கியது. 2009 இல் ஐபோனுக்கான செயலியை வெளியிட்டு, சில ஆண்டுகளில் ஆங்கிலச் சித்திரக்கதைகளின் முதன்மை மின்கடையாக வளர்ந்தது. 2014 ஏப்ரலில் அமேசன் அதை வாங்கிக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே ஐபோன், ஐபாட் செயலியிலிருந்து வாங்கும் பொத்தான் காணாமற்போனது. அப்பிள் கேட்கும் தரகுப் பணத்தைத் தவிர்ப்பதே காரணம். வாசகர் இணையதளத்துக்குப் போய் வாங்கி, பிறகு செயலிக்குத் திரும்ப வேண்டும். சிரமத்துக்கு ஈடாக ஆளுக்கு 5 டொலர் வரவு வைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், இமேஜ் போன்ற சில பதிப்பகங்களின் இதழ்களைப் பூட்டில்லாத கோப்புகளாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. புதிய உடைமையாளர் வந்தவுடன் எல்லாம் கெட்டுவிடும் என்ற முடிவுக்கு இந்தக் கதை இடந்தருவதில்லை; எட்டு ஆண்டுகள் கடை ஓரளவு ஒழுங்காகவே நடந்தது. அடி 2022 இல் விழுந்தது. பூட்டில்லாத பிரதி வசதி போயிற்று, புதிய செயலியில் இதழ்களை வரிசைப்படுத்துவதும் பெரிதாக்கிப் பார்ப்பதும் இரட்டைப் பக்கங்களைப் படிப்பதும் சிக்கலாயின. 2023 தொடக்கத்தில் ஊழியர் பலர் நீக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசெம்பரில் தனிச் செயலியே நிறுத்தப்பட்டு எல்லாம் கிண்டிலுக்குள் போனது. 2025 பெப்ரவரி 26 முதல், கிண்டில் புத்தகங்களைக் கணினிக்கு இறக்கி வயர் வழியாக மாற்றும் வசதியும் நின்றது.

மின்கடை ஒன்று கைமாறும்போது வாசகர் படும் பாடு விற்பனை நாளில் முடிவாவதில்லை. அவர் முதல் இதழை வாங்கிய நாளிலேயே, வாங்கிய பொருளின் எந்தப் பாகம் யார் கையில் இருந்தது என்பதில் அது முடிவாகிவிடுகிறது என்பது என் கணிப்பு. மின்சித்திரக்கதை ஒன்றுக்கு மூன்று பாகங்கள் உண்டு: படம், படத்தைத் திறக்கும் திறப்பு, படங்களை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் அடுக்கு. மூன்றும் ஒன்றாகத் திரையில் தெரிவதால் ஒரே பொருள்போலத் தோன்றுகின்றன. கைமாற்றம் அவற்றைத் தனித்தனியாகக் கழற்றிக் காட்டுகிறது.

முதலில் படம். அகலத்தில் 2000, உயரத்தில் 3000 புள்ளிகள் கொண்ட ஒரு பக்கத்தில் 60 இலட்சம் படப்புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட் வேண்டும். ஆக 18 மெகாபைட். இதை அப்படியே அனுப்பினால் யாருடைய டேட்டாவும் தாங்காது. ஆகவே 1992 இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறையால் ஒன்றிரண்டு மெகாபைட்டுக்குச் சுருக்குகிறார்கள். இந்த முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் அலைகளும் வேகமாக மாறும் அலைகளுமாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத வேகமான அலைகளின் விவரத்தைக் குறைத்துவிடுகிறது. வானத்தையும் முகத்தையும் எடுத்த நிழற்படத்துக்கு இது அருமையான உபாயம். சித்திரக்கதையின் உயிரோ கறுப்புக் கோட்டில் இருக்கிறது. வெள்ளையிலிருந்து கறுப்புக்குச் சட்டென்று தாவும் விளிம்பு முழுக்க வேகமான அலைகளால் ஆனது. அவற்றை வெட்டினால் கோட்டின் ஓரத்தில் அழுக்குத் துகள்கள் மொய்க்கும். பொறியாளர்கள் அதற்குக் கொசு இரைச்சல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேச்சுக் குமிழுக்குள் இருக்கும் எழுத்துக்கு இது இன்னும் கேடு. ஆங்கில எழுத்து கொஞ்சம் கலங்கினாலும் வாசித்துவிடலாம். தமிழிலோ மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பது தலைக்கு மேலிருக்கும் ஒற்றைப் புள்ளி. சிறிய திரையில், இரண்டாம் முறை சுருக்கிய படத்தில், முதலில் பலியாவது அதுதான். ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போகும்போது படங்களை மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுக்காமல், ஏற்கெனவே சுருக்கியதை மீண்டும் சுருக்கினால் இழப்பின் மேல் இழப்பு ஏறும். சுருக்கும்போது தூக்கியெறிந்த விவரத்தை எந்தக் கணிதமும் திரும்பக் கொண்டுவராது.

இரண்டாவது, திறப்பு. கடையில் வாங்கிய கோப்பு உங்கள் போனில் இருக்கலாம்; ஆனால் அது மறைக்குறியீட்டால் கலைக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. 128 பிட் திறப்பு ஒன்றைக் கண்டுபிடிக்க முயல்பவர், 39 இலக்கம் கொண்ட எண்ணிக்கையிலான சாத்தியங்களில் தேட வேண்டும். உலகிலுள்ள கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் முடியாத வேலை. சரியான திறப்பைக் கடையின் சேர்வர் உங்கள் கணக்கைச் சரிபார்த்து, பதிவுசெய்த போனுக்கு மட்டும் தருகிறது. அலுமாரி உங்கள் வீட்டில், திறப்பு கடைக்காரரின் இடுப்பில். கடைக்காரர் நல்லவராக இருக்கும்வரை வேறுபாடு தெரியாது. ஜேமங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதைக் கடை 2013 மே மாதத்தோடு மூடப்பட்டபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கும் வாசிக்கும் வழி அன்றோடு அடைபட்டது. 2019 இல் மைக்ரோசொஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது வாங்கியவர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. புத்தகங்கள் போனது போனதுதான். இரண்டாவது நிறுவனம் கண்ணியமாக நடந்தது, முதலாவது நடக்கவில்லை என்று சொல்லலாம். தொழில்நுட்பத்தின் கண்ணில் இரண்டும் ஒரே நிகழ்வு: திறப்புக் கொடுக்கும் இயந்திரம் அணைக்கப்பட்டது. கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம், இப்படிப்பட்ட விற்பனையில் வாசகர் பெறுவது உரிமம் மட்டுமே என்பதைக் கடை தெளிவாக அறிவிக்க வேண்டும் என்கிறது. சட்டம் போட்டுச் சொல்லவேண்டிய அளவுக்கு மக்கள் வேறுவிதமாக நம்பிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் இதில் பார்க்கவேண்டியது. பொத்தானில் வாங்கு என்று எழுதியிருந்தால் வேறெப்படி நம்புவார்கள்?

மூன்றாவது பாகமான அடுக்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2022 இல் கொமிக்ஸோலொஜி வாசகர்கள் இழந்தது பெரும்பாலும் இதைத்தான் என்பேன். எந்த இதழுக்குப் பின் எந்த இதழ், எது இரட்டைப் பக்கம், எங்கே நிறுத்தினேன், எவை படித்தவை என்ற விவரங்கள் எல்லாம் படக் கோப்புக்கு வெளியே, கடையின் தரவுத்தளத்தில் இருந்தன. அந்தக் கடையின் பெயர்பெற்ற வசதி, பக்கத்தைக் கட்டம் கட்டமாக நகர்த்திக் காட்டுவது. சிறிய திரையில் சித்திரக்கதை வாசிப்பதை அது சாத்தியமாக்கியது. அதற்கு ஒவ்வொரு பக்கத்திலும் எந்தக் கட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அடுத்தது எது என்று முன்கூட்டியே குறித்து வைத்திருக்க வேண்டும். இது சும்மா இடமிருந்து வலமாகப் போகும் வேலையல்ல. நீல் கோன் என்ற அறிதல் அறிவியலாளர் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, வாசகர்களுக்கு வெறும் கட்டங்களைக் காட்டி வாசிக்கும் வரிசையைக் கேட்டது. ஒழுங்கான அடுக்கில் வழக்கமான இட-வல வரிசையைப் பின்பற்றியவர்கள், ஒரு நெடிய கட்டம் பக்கத்தில் நிற்கையில் அந்த வரிசையை விட்டுக் கீழே இறங்கினார்கள். பக்க அமைப்புக்கென்று வாசகரின் மனத்தில் ஓர் இலக்கணம் இருக்கிறது என்பது இதன் பொருள். அந்த இலக்கணத்தை ஆயிரக்கணக்கான இதழ்களுக்குத் தரவாக மாற்றியதுதான் கொமிக்ஸோலொஜியின் உண்மையான உழைப்பு. புதிய செயலியின் வடிவமைப்பாளருக்குச் சித்திரக்கதையும் ஒரு மின்புத்தகம். ஆயிரம் இதழ் வைத்திருப்பவரின் தேவையும் பத்து நாவல் வைத்திருப்பவரின் தேவையும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கும். படமும் பத்திரமாக வந்து, திறப்பும் வேலைசெய்து, நூலகம் மட்டும் குவியலாக மாறிப்போகும் விந்தை இப்படித்தான் நேர்கிறது.

இந்த மூன்று பாகங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால், வாசகர்கள் கையாளும் தற்காப்புகளில் எது வேலைசெய்யும், எது செய்யாது என்பது விளங்கும். அறிவிப்பு வந்ததும் அவசரமாகத் தரவிறக்குவது ஒன்று; 2025 இல் கிண்டில் வாசகர்கள் அப்படித்தான் கடைசித் தேதிக்கு முன் முண்டியடித்தார்கள். பூட்டில்லாத கோப்பானால் அடுக்கைத் தவிர மற்ற இரண்டுக்கும் இது முழுத் தீர்வு, பூட்டிய கோப்பானால் அரைத் தீர்வு. பூட்டை உடைப்பது இன்னொன்று. பல நாடுகளின் சட்டங்கள் அதைத் தடுத்திருக்கின்றன, மூன்றாவது பாகத்தையும் அது மீட்டுத் தராது. வேறு கடைக்கு மாறுவது எதிர்காலத்துக்குத் தீர்வு, பழைய நூலகத்துக்கு அல்ல. கொமிக்ஸோலொஜியை நிறுவியவர்களில் ஒருவரான டேவிட் ஸ்டைன்பெர்கர் 2023 இல் பங்காளியாக நின்று தொடங்கிய புதிய பதிப்பகம், மின்னிதழை வாங்கியவரே மறுபடி விற்கவும் முடியும் என்ற ஏற்பாட்டோடு வந்தது. முதல் கடையின் குறை எங்கே இருந்தது என்பதற்கு அதைக் கட்டியவரே கொடுத்த சாட்சியமாக இதைக் கொள்ளலாம். பெரும்பாலானோர் செய்வது இவை எதுவுமில்லை. முணுமுணுத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். கானமன், நெட்ஷ், தேலர் மூவரும் 1990 இல் வெளியிட்ட கோப்பைப் பரிசோதனை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. சாதாரணக் கோப்பை ஒன்றைக் கையில் கொடுத்து விற்கச் சொன்னால், வாங்குபவர் தரத் தயாராக இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். தன்னுடையது என்று ஆனவுடன் பொருளின் பெறுமதி மனத்தில் கூடிவிடுகிறது. பத்து ஆண்டுகள் சேர்த்த நூலகத்தை விட்டுவிட்டு வெளியேற யாருக்கும் கை வராது. கடைக்கும் அது தெரியும்.

இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் கொமிக்ஸோலொஜிக்குப் பணம் கட்டியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களாகவே இருந்திருப்பார்கள். ஆனால் நாம் அறிந்த அம்புலிமாமாவுக்கு இதைவிட மோசமானது நடந்தது. 1947 ஜூலையில் சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ் அது. இந்திய மொழிகள் பலவற்றில் வளர்ந்து, கடல் கடந்து நம்மிடமும் வந்து, வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமனை ஓவியர் சங்கரின் கோட்டில் தலைமுறைகளின் மனத்தில் பதித்தது. 2007 இல் ஜியோடெசிக் என்ற மும்பை மென்பொருள் நிறுவனம் அதன் 94 வீதப் பங்கை வாங்கியது. நோக்கம் நல்லது: பழைய இதழ்களை எல்லாம் மின்வடிவாக்கி இணையதளத்தில் வைத்தார்கள், உலகெங்கும் இருந்த வாசகர்கள் தங்கள் சிறுவயது இதழ்களைத் தேடிப் படித்தார்கள். பிறகு ஜியோடெசிக் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் கட்ட முடியாமல் விழுந்தது. நிறுவனத்தைக் கலைக்க மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அச்சிதழ் நின்றது, பின்னர் இணையதளமும் அணைந்தது. இங்கே மறைக்குறியீட்டுப் பூட்டு எதுவும் இருக்கவில்லை. படங்கள் அந்தச் சேர்வரில் மட்டும் இருந்தன என்பதே பூட்டாகிவிட்டது. அம்புலிமாமாவின் பழைய இதழ்கள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றனவென்றால், கடை திறந்திருந்த காலத்திலேயே பக்கம் பக்கமாக இறக்கி வைத்தவர்களும், வீட்டிலிருந்த தாள் இதழ்களை ஸ்கேன் செய்தவர்களுமே காரணம். காப்புரிமைச் சட்டம் அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கலாம். அவர்கள் செய்யாதிருந்தால் சுளிப்பதற்கும் எதுவும் மிஞ்சியிராது.

வன்னியின் நிலைமை இந்தப் பிரச்சினையைக் கூர்மையாக்குகிறது. பெருநிலத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் வந்த முதல் வாசல் கைத்தொலைபேசிதான். 2009 க்குப் பிந்திய மீள்குடியேற்றத்தோடு கோபுரங்கள் எழுந்தன, மேசைக் கணினி என்ற இடைக்கட்டத்தைப் பலர் காணவேயில்லை. வீட்டில் ஒரு போனைப் பலர் பாவிப்பார்கள், ரீலோட் போட்டால்தான் டேட்டா. 30 பக்க இதழ் ஒன்று பக்கத்துக்கு ஒன்றரை மெகாபைட் வீதம் 45 மெகாபைட். ஒருமுறை இறக்கி வைத்துப் பத்துமுறை படித்தாலும் செலவு அதேதான். ஒவ்வொரு முறையும் சேர்வரிலிருந்து எடுத்துக் காட்டும் செயலியில் பத்துமுறை படித்தால் 450 மெகாபைட். ஆகவே வாடகை முறை வாசிப்பு, கொழும்பில் வீட்டு இணைப்பு வைத்திருப்பவரைவிட மாங்குளத்து வாசகருக்கு உண்மையில் விலை கூடியது. டொலர் கணக்கு இன்னொரு கதை. மாதம் 5.99 டொலர் கேட்கும் சந்தா ஒன்று, 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 1,200 ரூபாவாக இருந்தது; மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது 2,150 ரூபாவைத் தாண்டியிருக்கும். சந்தா நின்ற மாதம் நூலகமும் நிற்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற நாட்டில், திறப்புக்காகத் தொலைவிலுள்ள சேர்வரை நம்பியிருப்பது எவ்வளவு பலவீனமான ஏற்பாடு என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில், அப்படியானால் தாள் புத்தகமே நல்லதல்லவா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வெஸ்ட்லண்ட் கதையும் அவர்கள் பக்கம்தான் பேசுகிறது. ஆனால் தாள் நிரந்தரம் என்று வன்னியில் யாருக்கும் சொல்ல முடியாது. 2008, 2009 இடப்பெயர்வுகளில் மன்னார்ப் பக்கத்திலிருந்து கிளிநொச்சிக்கும் அங்கிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் ஓடிய குடும்பங்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எதையாவது விட்டுவிட்டே போயின. புத்தகம் முதலில் விடப்படும் பாரங்களில் ஒன்று. இதிலிருந்து தாளுக்கும் மின்கோப்புக்கும் பொதுவான ஒரு விதி தெரிகிறது. ஒரு பிரதி பத்து ஆண்டில் அழிவதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிரதிகள் இருந்தால் இரண்டும் அழியும் வாய்ப்பு இருபத்தைந்தில் ஒன்று, மூன்றென்றால் நூற்றிருபத்தைந்தில் ஒன்று. இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின் பேரில்தான் செல்லும்: ஒன்றின் அழிவுக்கும் மற்றதன் அழிவுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஒரே ஊரில் ஐந்நூறு வீடுகளில் இருந்த பிரதிகள் ஒரே யுத்தத்தில் போனால் அவை ஐந்நூறு அல்ல, நிகழ்தகவின் கண்ணில் ஒன்றுதான். வன்னியில் அச்சான வெளிச்சம் போன்ற சஞ்சிகைகளை இன்று நூலகம் என்ற மின்தளத்தில் வாசிக்க முடிகிறதென்றால், சில பிரதிகளாவது அந்த ஒரே அழிவுக்கு வெளியே இருந்ததுதான் காரணம். 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய அந்த முயற்சி ஒவ்வொரு ஆவணத்துக்கும் எண்ணும் விவரமும் கொடுத்து அடுக்கையும் சேர்த்துக் காக்கிறது. ஒரே கணக்கில் இருக்கும் ஆயிரம் மின்னிதழுக்கும் இதே விதிதான். கணக்கு முடங்கினால் ஆயிரமும் ஒரே நொடியில் முடங்கும்.

பெரிய நிறுவனம் பல நாடுகளில் பல பிரதி வைத்திருக்கிறதே, வரண்ட வலயத்து வெக்கையில் கிடக்கும் ஒரு மெமரி சிப்பைவிட அது பாதுகாப்பில்லையா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். பிட்களைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. சிப்பில் ஒவ்வொரு பிட்டும் காப்பிடப்பட்ட சிறு பகுதியில் சிறைப்பட்ட மின்னூட்டமாக இருக்கிறது. மின்சாரம் பாயாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் கசிவும் கூடும். தகரக் கூரைக்குக் கீழே மேசை லாச்சிக்குள் போட்டு வைத்த சிப்பை நம்பி யாரும் இருக்க வேண்டாம். அமேசன் 2022 இல் படங்களைக் காத்தது. கைவிட்டது அடுக்கையும், தானே கொடுத்திருந்த பூட்டில்லாத பிரதியையும். பெரிய நிறுவனம் பொருளைக் காக்கிறது, உங்களுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைத் தன் வசதிப்படி மாற்றுகிறது. இரண்டு ஆபத்தும் வெவ்வேறு வகையானவை என்பதால்தான் இரண்டு இடத்திலும் பிரதி வேண்டும் என்கிறேன். வீட்டுப் பிரதி கெட்டுவிட்டதா என்று அறிய எளிய வழியும் உண்டு. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அதை 64 எழுத்து-எண் கொண்ட ஒரு கைரேகையாகச் சுருக்கும் கணிதச் செயல் இருக்கிறது; ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1999 இல் தொடங்கிய லொக்ஸ் திட்டம் இந்த உத்தியைத்தான் பயன்படுத்துகிறது: பல நூலகங்கள் ஒரே இதழைத் தனித்தனியே வைத்து, அவ்வப்போது கைரேகைகளை ஒப்பிட்டு, ஒத்துப்போகாத பிரதியைப் பெரும்பான்மையைப் பார்த்துத் திருத்துகின்றன.

பூட்டில்லாமல் விற்றால் திருட்டுப் பிரதி பெருகும், ஓவியரின் வயிற்றில் அடிக்கும் என்ற ஆட்சேபத்தை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். தமிழ்ச் சித்திரக்கதைச் சந்தை சின்னது. சிவகாசியில் 1972 இல் பிறந்த முத்து கொமிக்ஸும் 1984 இல் வந்த லயன் கொமிக்ஸும் இன்றும் மூச்சுவிடுவது, முன்பணம் கட்டி வாங்கும் விசுவாசமான ஒரு வாசகர் கூட்டத்தால். ராணி கொமிக்ஸ் 2005 உடன் நின்றுபோனது. அப்படிப்பட்ட சந்தையில், வெளியான வாரமே ஸ்கேன் செய்து குழுக்களில் பகிர்வது சேதம் விளைவிக்கும் காரியம்தான். இதைச் செய்பவர் அம்புலிமாமாவைக் காப்பாற்றியவரோடு தன்னைச் சேர்த்து எண்ணக் கூடாது. ஆனால் பூட்டு இந்தச் சேதத்தைத் தடுக்கிறதா? தாள் புத்தகத்தை ஸ்கேன் செய்பவரை எந்த மறைக்குறியீடும் மறிப்பதில்லை. பிரித்தானியாவில் டோர் பதிப்பகம் 2012 இல் தன் மின்புத்தகங்களின் பூட்டை நீக்கியது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, திருட்டு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்று அறிவித்தது. ஒரு பதிப்பகத்தின் அனுபவத்தை எல்லாச் சந்தைக்கும் நீட்ட முடியாது, உண்மைதான். ஆனால் ஹரி பொட்டர் மின்நூல்களை 2012 இல் வெளியிட்டபோது, வாங்கியவரை அடையாளம் காட்டும் மறைகுறி ஒன்றைக் கோப்புக்குள் இட்டு விற்றார்கள். கோப்பைக் குழுவில் எறிபவர் தன் அடையாளத்தையும் சேர்த்தே எறிய வேண்டும். நேர்மையாக வாங்கியவருக்கு இதனால் எந்த இடைஞ்சலும் இல்லை. சின்னச் சந்தைக்கு இது பூட்டைவிடப் பொருத்தமான காவல் என்று நினைக்கிறேன்.

ஒருமுறை படித்துவிட்டு மறப்பதை எதற்குக் காக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. வாடகைக்கு வாங்கி வாடகை என்று தெரிந்தே படிப்பதில் தவறு ஏதுமில்லை. விலையும் அதற்கேற்பக் குறைவாக இருக்குமானால் அது நேர்மையான வியாபாரம். அட்டாசோய், மோர்வெஜ் இருவரும் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளின் மின்வடிவத்துக்கு மக்கள் தாள் வடிவத்தைவிடக் குறைந்த பெறுமதி கொடுத்தார்கள்; தனது என்ற உணர்வு மின்வடிவத்தில் குறைவாக இருப்பதே முக்கிய காரணமாகத் தெரிந்தது. மக்களின் உள்ளுணர்வு சட்டத்தைவிடக் கூர்மையாக இருக்கிறது போலும். சிக்கல், வாடகைப் பொருளுக்கு விற்பனை விலை கேட்கும்போது வருகிறது. அதோடு, மறந்துபோகும் என்று இன்று நினைப்பது நாற்பது ஆண்டு கழித்து என்னவாகும் என்பதை வாசிக்கிறவரே அறியார். யாழ்ப்பாணத்தில் சிவஞானசுந்தரம் நடத்திய சிரித்திரனில் வந்த சவாரித்தம்பரின் கேலிச்சித்திரங்கள் அன்று மாதாந்தச் சிரிப்பு. இன்று அவை அந்தக் காலத்துப் பேச்சுக்கும் உடைக்கும் பிணக்குகளுக்கும் ஆதாரம்.

கடை கைமாறுவதை வாசகர் தடுக்க முடியாது. கலைக்கப்படும் நிறுவனத்தின் சொத்தைப் பிரிக்கையில் கடன்காரர் வரிசையில் அவருக்கு இடமும் கிடையாது. ஆனால் மூன்று பாகங்களையும் முன்கூட்டியே மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைக்கும் முறை அறிவியல் சஞ்சிகைகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. குளொக்ஸ் என்ற அமைப்பு பதிப்பகங்களின் மின்னிதழ்களைப் பல நாட்டு நூலகங்களில் பூட்டி வைத்திருக்கும். பதிப்பகம் இதழைக் கைவிட்டால் மட்டும் திறந்துவிடும். 2008 இல் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பற்றிய கிராஃப்ட் என்ற சஞ்சிகைக்கு முதன்முதலில் அப்படித் திறந்துவிட்டார்கள். சந்தை நடக்கும்வரை பதிப்பகத்துக்கு ஒரு சதமும் நட்டமில்லை. தமிழ்ச் சித்திரக்கதைக்கு இதைச் செய்வதானால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நூலகம் மின்தளம் போன்ற அமைப்பொன்று, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் நூலகம், சென்னையில் ஒன்று, புலம்பெயர் நாட்டில் ஒன்று என நான்கு இடம் போதும். ஒரே வெள்ளத்திலோ ஒரே யுத்தத்திலோ ஒரே நிறுவனத்தின் வீழ்ச்சியிலோ நான்கும் சேர்ந்து போகாது. இதழொன்றுக்கு 45 மெகாபைட் வீதம் 500 இதழ்கள் 22.5 கிகாபைட். 32 கிகாபைட் சிப்பில் கட்டங்களின் வரிசைக் குறிப்பையும் கைரேகைப் பட்டியலையும் சேர்த்து வைத்த பிறகும் இடம் மிஞ்சும். பதிப்பகத்தின் கையொப்பம் ஒன்றுதான் பாக்கி.